பறையடிக்க மறுத்தவர்களும் ராப் பாடும் பேரனும்

‘ராப் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கூச்சல். அதற்கும் தலித் விடுதலைக்கும் என்ன தொடர்பு?’ என்று நம் மூத்த தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு வருத்தமும் இருக்கிறது. ‘பறையை விட்டொழிக்கத்தான் அன்று போராடினோம். இன்று நம் பிள்ளைகளே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். போதாததற்கு வேகவேகமாக எதையோ பேசி அதைப் பாட்டு என்கிறார்கள்.’

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பறையடிக்க மாட்டோம் என்று சொல்லி ஊரைப் பகைத்துக்கொண்டவர்களின் மண் இது. எனவே அந்த மூத்தவர்களுக்கு வரலாற்றிலிருந்தே பதில் சொல்லப் பார்க்கிறோம். அதற்காக அறிவு என்ற ராப் பாடகரின் கலைவாழ்வை எடுத்துக்கொள்கிறோம். அறிவு அரக்கோணத்துக்காரர், சிதம்பரத்துக்காரர் இல்லை. ஆனால் அவர் பாட்டைச் சுற்றி எழுந்த சண்டை, நம் ஊரில் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் ஒரு சண்டையின் தொடர்ச்சிதான். ஓசை யாருடையது, அந்த ஓசைக்கு யார் பெயர் என்பதே அந்தச் சண்டை.

நந்தன் கொடுத்த தோல்

12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரியபுராணம், திருநாளைப்போவார் என்கிற நந்தனை அறிமுகப்படுத்தும்போது அவர் செய்த தொண்டையும் சொல்கிறது. சிவன் கோயில் முரசுகளுக்குத் தோலும், தோலை இழுத்துக் கட்ட வாரும் கொடுத்தார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார். பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கோயிலுக்கு வெளியே நின்று அன்பு மிகுதியால் ஆடினார், பாடினார் என்கிறார் சேக்கிழார்.

கோயிலுக்குள் கேட்ட ஓசையெல்லாம் நந்தன் கொடுத்த தோலில் எழுந்தது, நரம்பில் எழுந்தது. அந்த ஓசை உள்ளே போகலாம். அதைக் கொடுத்தவர் போகக் கூடாது. தில்லையில் ஆடும் நடராசனின் கையிலும் ஒரு தோல்கருவிதான் இருக்கிறது. அந்த உடுக்கையைத் தரிசிக்க நந்தன் நெருப்புக்குள் இறங்க வேண்டியிருந்தது.

வெளியே நின்று நந்தன் என்ன பாடினார்? ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பார்ப்பனப் பண்ணையாரை அதில் கொண்டுவந்து, தில்லைக்குப் போக நந்தனை அவரிடம் அனுமதி கேட்டுக் கெஞ்ச வைத்தார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் நந்தனாராகப் பாடினார். 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடினார். தேசிகர் பிற்காலத்தில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவரும்கூட. இவர்களின் கலையை நாம் குறைசொல்லவில்லை. நந்தனுக்குத் தமிழ்நாடு எத்தனையோ குரல்களைக் கொடுத்திருக்கிறது, அவற்றில் நந்தனின் சொந்தக் குரல் இல்லை என்றுதான் சொல்கிறோம்.

1941இல் இதே அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடந்தது. தெலுங்குக் கீர்த்தனைகள் நிறைந்த கச்சேரி மேடையில் தமிழ்ப்பாட்டுக்கும் இடம் வேண்டும் என்ற நியாயமான கோரிக்கை அங்கே எழுந்தது. ஆனால் அந்த வளாகத்தைச் சுற்றியிருந்த சேரிகளில் ஒலித்த பறையும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் தமிழிசைதானா என்பது அன்றைய பேச்சின் பொருளாக இல்லை. மொழிக்கு நீதி கேட்ட மேடையும் சாதியைத் தொடவில்லை.

அடிக்க மாட்டோம்

பறை அன்று நம் வட்டாரத்தில் கலையாக மதிக்கப்படவில்லை. அது ஊழியம். ஊர்த்தெருவில் யார் செத்தாலும் சேரி ஆள் போய் அடிக்க வேண்டும். செத்த மாட்டைத் தூக்க வேண்டும். சாவுச் செய்தியை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். இதற்குப் பேசிய கூலி கிடையாது. களத்தில் அளந்துபோடும் நெல்லும், சாவு வீட்டில் கிடைக்கும் அரிசியும் கள்ளும்தான். அடிக்கிறவருக்குப் பெயரும் கிடையாது. சாதிப் பெயரே அவர் பெயர். அறுபது வயதுப் பெரியவரையும் ஊர்த்தெருச் சிறுவன் ‘டேய்’ என்பான்.

இந்த நிலையை மாற்ற நம் வட்டாரத்தில் இரண்டு வழிகளில் வேலை நடந்தது. ஒன்று கல்வி. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே பள்ளியைத் தொடங்கினார். நெருப்பில் இறங்கியவரின் பெயர் பள்ளிக்கூடத்தின் பெயரானது. பறை தூக்கியிருக்க வேண்டிய கைகள் அங்கே பலகை பிடித்தன.

இன்னொரு வழி மறுப்பு. காட்டுமன்னார்கோவிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் இந்த வட்டாரத்துச் சேரிகளில் சாவுக்குப் பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் நிறுத்தச் சொல்லி இயக்கம் நடத்தினார். 1952இல் கடலூர்த் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குப் போனார். 1965இல் ஒன்றிய அரசு தீண்டாமையை ஆராய அமைத்த குழுவுக்குத் தலைவரானார். 1969இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. 1970இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்துக்கு அது ஒரு முக்கிய ஆதாரம். கோயிலுக்குள் யார் மந்திரம் சொல்லலாம், கோயிலுக்கு வெளியே யார் பறையடிக்க வேண்டும் என்பவை ஒரே சாதிய ஏற்பாட்டின் இரண்டு முனைகள். இளையபெருமாள் இரண்டு முனைகளிலும் கை வைத்தவர்.

பறையடிக்க மாட்டோம் என்பது சின்னச் சொல் இல்லை. சொன்ன மறுநாளே வயலில் வேலை நிற்கும். கடையில் சாமான் கிடைக்காது. ஆடு மாடு ஓட்டிப்போன பாதை அடைபடும். அதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் நம் தாத்தாக்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அவர்கள் வெறுத்தது தோலையும் கட்டையையும் அல்ல. நீ கூப்பிட்டால் நான் அடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தண்டோரா போட ஆளை அனுப்பும் வழக்கத்தைக் கைவிடும்படி தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில்தான். ஒலிபெருக்கி வந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் அரசு அறிவிப்புக்கு ஒரு தலித்தின் தோளும் கையும் தேவைப்பட்டிருக்கின்றன.

அடிப்போம், நாங்கள் நினைத்தால்

1991இல் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சியில் பறைக்கு வேறொரு பொருள் வந்தது. மதுரை தலித் கலைவிழாக்களிலும் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அடித்த அடியிலும், பறை சாவு வீட்டை விட்டுப் போராட்ட மேடைக்கு வந்தது. 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விட்டொழித்ததை ஏன் மறுபடி எடுத்தீர்கள் என்ற கேள்வி நம் இயக்கங்களுக்குள் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்னமும் சாவுக்கு அடிக்கும்படி மிரட்டப்படும் ஊரில், ‘பறை தமிழர் கலை’ என்ற புகழ்ச்சி ஆதிக்கசாதிக்கே வசதி. ‘கலைதானே, வந்து அடியேன்’ என்பார்கள். ஆனால் வேண்டும்போது அடிக்கவும் வேண்டாதபோது மறுக்கவும் முடிகிற இடத்தில் அதே கருவி அடிமைச் சின்னமாக இருப்பதில்லை. மறுப்பு முதலில் வந்ததால்தான் மீட்பு நடந்தது. காட்டுமன்னார்கோவிலில் கீழே வைத்திராவிட்டால் சென்னை மேடையில் தூக்கியிருக்க முடியாது.

தன் பெயரைத் தானே சொல்லும் பாட்டு

இப்போது ராப்புக்கு வருவோம். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடிவந்த டிஜே கூல் ஹெர்க் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடத்திய விருந்திலிருந்து ஹிப்ஹாப்பின் பிறப்பைக் கணக்கிடுகிறார்கள். கருப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் வாழ்ந்த ஏழைப் பகுதி அது. வாத்தியம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் இசைத்தட்டையே வாத்தியமாக்கினார்கள். தாளத்தின் மேல் பேசினார்கள். தங்கள் பெயரைச் சொன்னார்கள், தெருவின் பெயரைச் சொன்னார்கள், எதிராளியைச் சீண்டினார்கள். 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’ வந்தபோது, இந்த வடிவம் வறுமையின் ஆவணமாகவும் ஆனது.

அங்கிருந்து அது ஒடுக்கப்பட்டவர்கள் வாழும் இடங்களுக்கெல்லாம் போனது. அரபு மொழியில் அது எடுத்த வேகம் நாம் கவனிக்க வேண்டியது. இஸ்ரேலுக்குள் இருக்கும் லித் நகரத்துப் பாலஸ்தீன இளைஞர்கள் 1990களின் கடைசியில் ‘டாம்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். எங்கள் மண்ணில் எங்களையே பயங்கரவாதி என்கிறாயே, யார் பயங்கரவாதி என்று கேட்கும் அவர்கள் பாட்டு 2001இல் வந்து இணையத்தில் பரவியது. துனிசியாவில் எல் ஜெனரல் என்ற பெயரில் பாடிய 21 வயது இளைஞர், 2010 கடைசியில் நாட்டின் அதிபரையே நேராக விளித்து ஒரு ராப் வெளியிட்டார். 2011 ஜனவரி முதல் வாரத்தில் காவல்துறை அவரைத் தூக்கிப் போனது. ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டை விட்டே ஓடினார். ஒரு பாட்டால் ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. மக்கள் தெருவில் நின்றார்கள், அவர்கள் வாயில் அந்தப் பாட்டு இருந்தது.

நமக்கும் இது முழுக்கப் புதிதில்லை. மகாராட்டிரத்தில் அம்பேத்கர் காலத்திலேயே ஜல்சா குழுக்கள் பாட்டும் கூத்துமாகச் சேரி சேரியாகப் போயின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் புரட்சியாளரின் கருத்தைக் கொண்டுபோனதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழில் ராப்பை வேரூன்றச் செய்ததில் மலேசியத் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பு 2006இல் வந்தது. எதுகையும் மோனையும் நம் மொழியின் இரத்தத்தில் இருப்பதால் ராப் இங்கே அந்நியமாக ஒலிக்கவில்லை.

பறைக்கும் ராப்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பறையடித்தவருக்குப் பெயர் மறுக்கப்பட்டது. ராப் பாடுகிறவர் பாட்டுக்குள்ளேயே தன் பெயரைச் சொல்லிக்கொள்கிறார். சாதிப் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்ட ஒரு சமூகத்துப் பிள்ளைகளை இந்த வடிவம் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

அறிவு

அறிவரசு கலைநேசன் என்பது அறிவின் முழுப்பெயர். பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் உழைத்தவர்கள். ஒவ்வொரு சிற்றூரிலும் பாட்டும் நாடகமுமாக எழுத்தறிவைக் கொண்டுபோன இயக்கம் அது. பொறியியல் படித்த அறிவு, முதலில் கவிதை எழுதினார்.

2017 கடைசியில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை உருவாக்கினார்கள். பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் நிகழ்ச்சி நடந்தது. கானா பாடகர்கள், பறை, சட்டி, கட்டமோளம், கிதார், ராப் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை ஆகியவற்றைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள். பொதுக்கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினாலும் நின்று கேட்காத இளைஞர்கள் அங்கே நின்றார்கள்.

அந்தக் குழுவில் ராப் பாடியவர்களில் ஒருவர் அறிவு. அதே 2018இல் ‘காலா’ படத்தில் ‘உரிமையை மீட்போம்’ பாட்டை எழுதினார். நிலம்தான் அந்தப் பாட்டின் பொருள். 2019இல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். ‘ஆன்டி இண்டியன்’, ‘கள்ளமௌனி’ போன்ற பாட்டுகள் அப்போது பரவலாகக் கேட்கப்பட்டன. கேள்வி கேட்டால் தேசத்துரோகி என்பவர்களுக்கு முதல் பாட்டு பதில் சொன்னது. அநீதி கண்முன்னே நடந்தும் வாய் திறக்காத நல்லவர்களை இரண்டாவது இடித்துரைத்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாடே தெருவில் நின்றபோது ‘சண்ட செய்வோம்’ வந்தது. டாம் குழு கேட்ட கேள்வியும் அறிவு கேட்ட கேள்வியும் ஏறத்தாழ ஒன்றுதான். எங்களை அந்நியர் என்று சொல்ல நீ யார்?

வள்ளியம்மாவின் பேரன்

2021 மார்ச் 7 அன்று ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளியானது. இசை சந்தோஷ் நாராயணன். தீயும் அறிவும் பாடினார்கள். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தப் பாட்டின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து இந்தியாவுக்குத் திரும்பியவர்.

அந்தத் திரும்புதல் ஒரு தனிக் கொடுமை. வெள்ளையர் காலத்தில் கூலிகளாகக் கொண்டுபோன தமிழர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள். 1948இல் இலங்கை விடுதலை பெற்ற கையோடு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிச்சம் இருந்த 1,50,000 பேர் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது. ஒருவரிடமும் நீ எங்கே வாழ விரும்புகிறாய் என்று கேட்டு அந்த எண்ணிக்கைகள் எழுதப்படவில்லை. நட்டவர் ஒருவர், நிலம் வேறொருவருக்கு என்ற இந்த வரலாறுதான் ஒப்பாரியும் தாலாட்டும் ராப்பும் கலந்த பாட்டாக வந்தது. ‘என் சாமி’ என்பது கூலியாள் ஆண்டையைக் கூப்பிட்ட சொல். பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல்லும் அதுவே. பாட்டு அந்தச் சொல்லை ஆண்டையிடமிருந்து பிடுங்கிப் பேரனிடம் கொடுத்தது.

அதன்பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், ஷான் வின்சென்ட் டி பால் என்ற கனடாத் தமிழ் ராப் பாடகரும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்ட பலர் கண்டித்த பிறகு அறிவை வைத்து இன்னொரு அட்டை இணையத்தில் வெளியானது. 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு ஒலித்தது. அந்த மேடையிலும் அறிவு இல்லை. ஆகஸ்ட் முதல் நாள் அறிவு, இந்தப் பாட்டை எழுதி மெட்டமைத்துப் பாடியது நான் என்று வெளிப்படையாக எழுதினார். இது பலரும் சேர்ந்து செய்த பாட்டு, அறிவுக்குரிய இடத்தை எப்போதும் சொல்லிவந்திருக்கிறோம் என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் சொன்னார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, பாட்டின் வருமானத்திலிருந்து தனக்கோ அதில் உழைத்த கலைஞர்களுக்கோ ஒரு காசும் வரவில்லை என்று சொன்னார்.

தனிமனிதர்களில் யார் நல்லவர் என்று தீர்ப்பெழுதுவது நம் வேலை இல்லை. பாட்டில் மற்றவர்களின் உழைப்பும் இருக்கிறது. பணம் அவர்களுக்கும் வரவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரு பாட்டின் வரலாறு ஒருவருடைய பாட்டியிடமிருந்து வருகிறது. அட்டைப்படம் எடுக்கும்போதும் மேடை போடும்போதும் அந்த ஒருவரை விட்டுவிட்டு அது எப்படி இயல்பாக நடக்கிறது? யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. தோலை வாங்கிக்கொண்டு தோல் கொடுத்தவரை வாசலில் நிறுத்திய பழக்கமே போதும். தண்டோராக் கடிதமும் அறிவின் பதிவும் ஒரே ஆகஸ்டில் வந்தன. ஒன்று, இனி எங்களை அடிக்கச் சொல்லாதே என்பதன் தாமதமான வெற்றி. மற்றது, நாங்கள் பாடியதற்கு எங்கள் பெயரைச் சொல் என்ற கோரிக்கை.

பெயரைச் சொன்னாலும் ஆபத்து உண்டு. கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய கானா பாடகி இசைவாணி, பெண்கள் கோயிலுக்குள் நுழைவதைப் பற்றி 2018இல் பாடிய பாட்டுக்காக 2024 கடைசியில் மிரட்டப்பட்டார். ஆறு ஆண்டு பழைய பாட்டைத் தேடியெடுத்து ஒரு பெண்ணின் மேல் பாய்ந்தார்கள். வெளியே நின்று பாடு என்று நந்தனிடம் சொன்னவர்கள், வெளியே நின்றும் பாடாதே என்று இசைவாணியிடம் சொன்னார்கள்.

அறிவு அடுத்து என்ன செய்தார் என்பது முக்கியம். 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. யாருடைய ஆள் நீ என்று ஊர் கேட்கும்போது இன்ன பண்ணையின் ஆள் என்று சொல்ல வைக்கப்பட்ட சமூகம், தோட்டத் தொழிலாளியான ஒரு கிழவியின் பேரன் என்று தன்னை அறிவித்துக்கொள்கிறது.

நம் ஊரில் செய்ய வேண்டியது

மூத்த தோழர்களுக்கு நம் பதில் இதுதான். நீங்கள் பறையைக் கீழே வைத்ததும் பேரப்பிள்ளைகள் மைக்கைக் கையில் எடுப்பதும் எதிரெதிர்ச் செயல்கள் அல்ல. என் ஓசை என் விருப்பம் என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த ஓசைக்கு என் பெயரும் என் கூலியும் வேண்டும் என்று அவர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அந்தச் சேர்ப்பை நாமும் நடைமுறையில் கற்க வேண்டும். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் தங்கள் உரிமத்தொகைப் பங்கை இழப்பதில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காட்டுமன்னார்கோவில், புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் ஒப்பாரி பாடும் நம் அம்மாக்களின் பாட்டை யாராவது செல்பேசியில் பதிந்துபோனால், அது ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற தலைப்பில் வெளியாகிறது. நாட்டுப்புறம் என்பது ஆளின் பெயர் இல்லை. பாடியவர் இன்னார், ஊர் இன்னது, ஆண்டு இன்னது என்று நாமே பதிவுசெய்ய வேண்டும். பறைக்குழுவை அழைக்கும் நம் தோழர்கள் முன்கூட்டியே கூலி பேசி, சுவரொட்டியில் கட்சித் தலைவர்களின் பெயரோடு கலைஞர்களின் பெயரையும் போட வேண்டும். நம் மேடையிலேயே அவர்களைப் பெயரில்லாதவர்களாக்கிவிட்டு ரோலிங் ஸ்டோனைக் கேள்வி கேட்க முடியாது.

நந்தன் பாடிய பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை. எழுதிவைக்க அன்று நம்மிடம் எழுத்து இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

ஜெய்பீம்.